பங்காளிகள் சேர்ந்து ஊர்ப் பள்ளிக்கு நிதி கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு எங்கள் பங்காளிகள் சேர்ந்து ஆறு வருஷமாகப் பணம் கொடுத்து வருகிறோம். கணக்கு எழுதுவது என் வேலை. பிறகு பக்கத்து ஊர்களில் இரண்டு, மூன்று குடும்பங்கள் இதையே ஆரம்பித்தபோது கூட இருந்து பார்த்தேன். நாங்கள் தடுக்கிய இடத்திலேயே அவர்களும் தடுக்கினார்கள். முதலில் பணத்தைத் திரட்டிவிட்டு, அப்புறம் அதை எதற்குச் செலவழிக்கலாம் என்று தேடுவதுதான் அந்த இடம். கையில் பணம் இருந்தால் பள்ளியில் எதைப் பார்த்தாலும் தேவையாகவே தெரியும். அதனால் இங்கே வரிசை முக்கியம். பணம் ஐந்தாவது படியில்தான் வருகிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண் (ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு கொடுத்திருக்கும் அடையாள எண்), ஊரிலேயே குடியிருக்கிற ஒரு ஆள், கேட்டால் பதில் சொல்கிற ஒரு ஆடிட்டர். ஊரில் ஆள் இல்லாமல், எல்லாரும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருந்துகொண்டு போனிலேயே நடத்திவிடலாம் என்றால், இப்போதே விட்டுவிடுங்கள். மோட்டார் ஓடுகிறதா என்று போய்ப் பார்க்க ஒருவர் வேண்டும்.

1. பள்ளி யாருடையது என்று பாருங்கள்

வாசலில் உள்ள போர்டைப் படியுங்கள். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியா, நடுநிலைப் பள்ளியா, அரசு உயர்நிலைப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா? யாரிடம் அனுமதி வாங்குவது என்பது இதைப் பொறுத்தது. தொடக்க, நடுநிலைப் பள்ளிக்கு முதலில் பார்க்க வேண்டியவர் வட்டாரக் கல்வி அலுவலர். ஒன்றியப் பள்ளியில் கட்டட வேலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகமும் வரும்.

நம் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய. அங்கே ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கட்டடமும் நிலமும் நிர்வாகத்துடையது. அந்த நிர்வாகம் சில இடங்களில் இன்னொரு குடும்பத்து அறக்கட்டளையாக இருக்கும். கொடுக்கக் கூடாது என்றில்லை. ஆனால் நீங்கள் போடுகிற கூரை யார் சொத்தின் மேல் ஏறுகிறது என்று தெரிந்து கொடுங்கள்.

இன்னொன்று, செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் சிவகங்கை மாவட்டம். கோனாபட்டு, ராயவரம், கடியாபட்டி புதுக்கோட்டை மாவட்டம். ஊரை விட்டுப் போய் இரண்டு தலைமுறை ஆனவர்கள் எல்லாவற்றையும் 'காரைக்குடிப் பக்கம்' என்றே நினைத்து, சிவகங்கைக்கு மனு அனுப்பிவிட்டு மூன்று மாதம் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2. தலைமையாசிரியரைப் பார்க்க வெறுங்கையோடு போங்கள்

முதல் சந்திப்பில் எந்த வாக்கும் கொடுக்காதீர்கள். 'என்ன வேணும் சார், சொல்லுங்க' என்று கேட்டால் அவர் ஸ்மார்ட் போர்டு என்பார், ஏனென்றால் இதற்கு முன் வந்தவர்கள் அதைத்தான் கொடுத்தார்கள். கேட்பதற்குப் பதிலாகச் சுற்றிப் பாருங்கள். மதியம் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் கை கழுவுகிற நேரம் நல்லது. தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே வரவில்லை என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

நான் முதல் தடவை போனபோது பள்ளிக்குப் பின்னால் புத்தம் புது கழிப்பறை ஒன்று இருந்தது. வெள்ளை டைல்ஸ், நீலக் கதவு, கதவுக்கு மேல் கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் நன்கொடையாளர் பெயர். கதவில் பூட்டு. தலைமையாசிரியர் மேஜை டிராயரிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, நாலாவது சாவியில் திறந்தார். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. மேலே தொட்டி இருந்தது, தொட்டிக்குப் போகிற குழாய் இல்லை. 'கட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க சார். மோட்டார் யார் போடுறதுன்னு பேச்சு வந்துச்சு, அப்படியே நின்னு போச்சு.' நாற்பது அடி பைப்பும் ஒரு சின்ன மோட்டாரும் கழுவிவிட ஒரு ஆளும் இல்லாததால் பிள்ளைகள் கருவேலங்காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் முதல் செலவு அந்த பைப்புதான். அதற்குக் கல்வெட்டு வைக்க இடமில்லை.

3. பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தை வாங்குங்கள்

2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இந்தக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். தமிழ்நாட்டில் தலைவர் ஒரு பெற்றோர்தான். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுகிற பொறுப்பு இந்தக் குழுவுக்குச் சட்டமே கொடுத்தது. இதையும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தையும் ஒன்று என்று நினைப்பவர்கள் அதிகம். இரண்டும் வேறு.

தலைமையாசிரியர் ஒப்புக்கொண்ட பிறகும் இந்தப் படி எதற்கு? அவர் அடுத்த வருஷம் மாறுதலாகிப் போவார். பெற்றோர் இங்கேயே இருப்பார்கள். தவிர, அவருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளிக் குழுத் தலைவி ஆத்தங்குடி கல் போடுகிற பட்டறையில் வேலை பார்க்கிறவர். கூட்டத்தில் கடைசி வரை பேசவில்லை. எழுந்திருக்கும்போதுதான் சொன்னார்: 'ஐயா, கம்ப்யூட்டரெல்லாம் சரிதான். நாங்க வீட்டுக்கு வர ஏழு மணியாகுது. அதுவரைக்கும் புள்ளைக படிக்க ஒரு எடமும் ஒரு ஆளும் இருந்தா போதும்.' எங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை. இன்றைக்கு எங்கள் செலவில் பெரிய பங்கு அதற்குத்தான் போகிறது.

பட்டியல் போடும்போது ஒவ்வொரு தேவைக்கும் எதிரே, இதை அரசு ஏற்கெனவே கொடுக்கிறதா என்று எழுதுங்கள். பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் அரசு கொடுக்கிறது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த வருஷம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் வந்துவிட்டது. இதைப் பார்க்காமல் நோட்டு வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அரசு தர வேண்டியது, ஆனால் தாமதமாகிறது என்றால் பணம் கொடுக்காதீர்கள், மனு எழுத உதவுங்கள். யாருமே தராத, ஆனால் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீணாகிற சாமான்கள்தான் உங்கள் பங்கு: குழாய் வாஷர், மின்விசிறி ரிப்பேர், தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினுக்கு ஃபில்டர், சாயங்கால ஆள்.

தீர்மானத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. பங்காளிகளைக் கூட்டுங்கள்

இதற்கென்று தனிக் கூட்டம் போட்டால் யாரும் வர மாட்டார்கள். படைப்புக்கோ (முன்னோருக்குப் படைக்கிற குடும்ப வழிபாடு), ஒரு கல்யாணத்துக்கோ எல்லாரும் ஊருக்கு வரும்போது முகப்பில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தை மாதம் நடந்தால் உத்தமம், காரணம் ஏழாவது படியில் தெரியும். கையில் தீர்மான நகலும், பூட்டிய கதவின் படமும் இருக்கட்டும்.

கட்டாயம் வருகிற கேள்வி: 'நம்ம புள்ளை ஒண்ணுகூட அங்கே படிக்கலையே?' இதை மழுப்பாதீர்கள். உண்மைதான், படிக்கவில்லை. ஆனால் வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறவர், தேர் இழுக்கிறவர், நாம் ஊரில் இல்லாத பதினொரு மாதமும் வீட்டு வளவைப் பூட்டித் திறக்கிறவர், இவர்கள் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். இதைச் சொன்ன பிறகும் ஒத்துக்கொள்ளாதவரை வற்புறுத்த வேண்டாம். மனசில்லாமல் தருகிறவர்தான் இரண்டாம் வருஷம் கணக்கில் குறை கண்டுபிடிப்பார்.

பங்கு பிரிக்க நம்மிடம் புள்ளி இருக்கிறது. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, கோயிலுக்கு வரி கொடுப்பது போல. ஒரு உதாரணம்: 40 புள்ளி, புள்ளிக்கு வருஷம் 6,000 ரூபாய் என்றால் 2,40,000. மாதம் 500 என்று சொன்னால் சின்ன உத்தியோகத்தில் இருக்கிற பையனும் தயங்க மாட்டான். கூடுதலாகக் கொடுக்க நினைப்பவர் கொடுக்கட்டும், தொகையை வெளியே சொல்ல வேண்டாம். சொன்னால் 6,000 கொடுத்தவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

இதில் ஒரு சிக்கலை நாங்கள் தாமதமாகத்தான் கவனித்தோம். கட்டிக்கொடுத்த பெண்மக்கள் பிறந்த வீட்டுப் புள்ளியில் வர மாட்டார்கள். ஆனால் அந்தப் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர்கள் அவர்கள்தான், ஆண்பிள்ளைகளை அந்தக் காலத்தில் தேவகோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு ஆச்சி, எழுபது வயசு, நேராகவே கேட்டார்: 'கோயில் கணக்குல நான் இல்லை, சரி. பள்ளிக்கூடத்துக்குமா இல்லை?' அன்றிலிருந்து புள்ளி என்பது குறைந்தபட்சப் பங்குக்கு மட்டும். கொடுக்க விரும்புகிற பெண்மக்கள் தனி வரிசையில் வருகிறார்கள், முடிவெடுக்கும் மூவரில் ஒருவர் அவர்களில் இருந்துதான்.

மூன்று பேர் போதும். ஏழு பேர் வைத்தால் ஒரு பைப்புக்கு ஏழு கொட்டேஷன் வரும். பணம் தருவதாகக் கொடுக்கிற வாக்கு மூன்று வருஷத்துக்கு இருக்கட்டும், ஒரு வருஷப் பணத்தில் சாயங்கால ஆளை நியமித்துவிட்டு அடுத்த வருஷம் நிறுத்துவது பிள்ளைகளுக்குச் செய்கிற கெடுதல்.

5. பணம் போகிற வழியைத் தேர்ந்தெடுங்கள்

தலைமையாசிரியர் கையில் ரொக்கமாகக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் கணக்கு இல்லை.

ஒரு வழி, 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'. அதன் தளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுக்கலாம். அறக்கட்டளை நடத்துகிற தொல்லை இல்லாதது இதன் சௌகரியம். புதிதாக ஆரம்பிக்கும் குடும்பத்துக்கு முதல் வருஷம் இதையே சொல்வேன்.

சுற்றுச்சுவர், வகுப்பறை போன்ற கட்டட வேலைக்கு 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஆட்சியர் வழியாகப் போகிற வேலை, நேரம் எடுக்கும். ஆனால் உங்கள் ஒரு ரூபாய் மூன்று ரூபாய் வேலையாகிறது.

மூன்றாவது, சொந்த அறக்கட்டளை. பல வீடுகளில் ஐயா காலத்து அறக்கட்டளை ஒன்று ஏற்கெனவே இருக்கும். அதில் போட்டுவிடலாம் என்று அவசரப்படாமல் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். நோக்கம் 'வேத பாடசாலை, அன்னதானம், திருப்பணி' என்று மட்டும் இருந்தால் பள்ளிக் குழாய்க்கு அதிலிருந்து செலவழிக்க முடியாது. புதிதாகத் தொடங்குவதானால் பத்திரப் பதிவு, பான், வருமான வரிப் பதிவு எல்லாம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு லட்சம் கூடச் சேராத குடும்பம் இதற்கு இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வரிச் சலுகையைப் பெரிதாகச் சொல்லிப் பணம் கேட்காதீர்கள். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய நன்கொடைக்கான வரிக் கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறைக்கு மாறிய தனிநபருக்குக் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்களும் மாறுகின்றன, ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில்தான் பெரிய குழி இருக்கிறது. நம் வீடுகளில் பாதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா. அவர் எங்கே இருக்கிறார் என்பதைவிட எந்த பாஸ்போர்ட் என்பதுதான் கேள்வி. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், அவரிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தருவது) இருந்தாலும்கூட. அதை வாங்குகிற அமைப்புக்கு 2010 வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள ஒரு அமைப்பு வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் முடியாது.

எங்களுக்கு முதல் வருஷமே இது நடந்தது. பினாங்கிலிருந்து, மலேசிய பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஒரு அண்ணன் ஆசையோடு அனுப்பிய தொகையை ஆடிட்டர் பார்த்துவிட்டு அன்றே திருப்பி அனுப்பச் சொன்னார். அண்ணனுக்கு வருத்தம், ஒரு வருஷம் பேசவில்லை. 'தம்பி கணக்குல போட்டு, தம்பி பேர்ல குடுத்துடுறேன்' என்ற யோசனை எல்லாக் குடும்பத்திலும் வரும். செய்யாதீர்கள். வசூல் தொடங்கும் முன்பே எல்லாரிடமும் பாஸ்போர்ட் விவரம் கேட்டுவிட்டால் இந்தச் சங்கடம் இருக்காது. அந்த அண்ணன் இப்போது விடுமுறையில் வந்தால் பள்ளியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறார்.

6. இன்னொரு குடும்பம் சேர்ந்தால்

ஒரே ஊரில் இரண்டு, மூன்று பங்காளிக் கூட்டம் பள்ளிக்குக் கொடுக்க முன்வருவது சகஜம். 'நீங்க நூலகம், நாங்க தண்ணி' என்று பிரித்துக்கொள்ளவே எல்லாருக்கும் தோன்றும். பிரிக்காதீர்கள். பிரித்தால் நூலகம் பளபளக்கும், துடைப்பத்துக்கும் மின்சார ரிப்பேருக்கும் ஆள் இருக்காது. ஒரே பட்டியல், ஒரே கணக்கு, பங்கு விகிதத்தில் செலவு.

ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: யார் எவ்வளவு, எத்தனை வருஷம், விலகுவதானால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும். பெயர்ப் பலகையும் இதிலேயே வரட்டும். நாங்கள் வைத்திருப்பது இரண்டடிப் பலகை, குடும்பப் பெயர்கள் அகர வரிசையில், தொகை இல்லாமல். இந்த வரிசைக்கு ஒத்துக்கொள்ள வைக்க மட்டும் மூன்று கூட்டம் ஆனது.

7. செலவுக்கு மாத வரிசையும் கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள்

பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்குகிறது. தை, மாசியில் பட்டியலும் வாக்கும் முடிந்தால் ஏப்ரலுக்குள் பணம் சேரும், மே விடுமுறையில் பைப், பெயின்ட், மின்சார வேலை முடியும், ஜூனில் பிள்ளைகள் வரும்போது தயார். இதைத் தவறவிட்டு ஆகஸ்டில் இடித்துக் கட்டினால் ஒரு வகுப்பு மரத்தடிக்குப் போகும், ஐப்பசி மழையில் சிமெண்டும் வீணாகும்.

மேலே சொன்ன 2,40,000 உதாரணத்தில் நான் எழுதும் கணக்கு இப்படி இருக்கும். சாயங்கால ஆளுக்கு மாதம் 7,000 வீதம் பத்து மாதம், 70,000. கழிப்பறை சுத்தம் செய்ய அரசு ஏற்பாடு போதாத இடத்தில் கூடுதல் கூலியும் சாமானும் 40,000. தண்ணீர், மின்சாரப் பராமரிப்பு 30,000. கதைப் புத்தகம், விளையாட்டுச் சாமான் 25,000. ஆக 1,65,000. மிச்சம் 75,000-ஐத் தொடாமல் வையுங்கள். மோட்டார் எரிவது எப்போதும் பரீட்சை மாதத்தில்தான்.

புதிதாக வருகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து 'இதுல என்ன தெரியப்போவுது?' என்று கேட்பார்கள். ஒன்றும் தெரியாதுதான். திறப்பு விழாவுக்கு ஏற்ற செலவு இதில் ஒன்றுகூட இல்லை.

8. சாயங்கால ஆளை அமர்த்தும்போது

உள்ளூரில் படித்த ஒரு பெண் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஆனால் தலைமையாசிரியர் வாய்வார்த்தை போதாது. குழுத் தீர்மானமும் கல்வி அலுவலகத்தின் எழுத்து அனுமதியும் வாங்குங்கள், பள்ளி நேரத்துக்குப் பின் வளாகம் திறந்திருக்கப் போகிறது. பெரியவர்கள் இரண்டு பேர் இல்லாமல் வகுப்பு வேண்டாம், குழுவில் உள்ள ஒரு அம்மா முறை வைத்து உட்காரலாம். மதிப்பூதியம் வங்கி வழியாக, மாதம் 5-ஆம் தேதிக்குள் போகட்டும். அவரிடம் இது அரசு வேலைக்கு வழி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தார் பார்க்க வரும்போது பிள்ளைகளை நிற்க வைத்து நன்றி சொல்லச் சொல்லாதீர்கள். முகம் தெரிகிற படங்களை வாட்ஸ்அப்பில் போடவும் வேண்டாம்.

9. படிக்க வருகிறதா என்று அளந்து பாருங்கள்

மதிப்பெண் எதையும் காட்டாது. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்தும் அசர் ஆய்வின் முறை எளிது: பிள்ளை எழுத்தை வாசிக்கிறதா, சொல்லையா, ஒரு சின்னப் பத்தியையா, ஒரு கதையையா என்று நிலை பார்ப்பது. ஜூலையிலும் மார்ச்சிலும் ஆசிரியரே பார்க்கட்டும். நமக்குப் பெயர் வேண்டாம், ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பேர் என்ற எண் போதும். எண் ஏறாவிட்டால் ஆசிரியரைக் கேள்வி கேட்கக் கிளம்பாதீர்கள், ஒரு மாதம் சாயங்கால வகுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

10. ஐந்தொகை போடுங்கள்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவும் பில் படமும் குடும்பக் குழுவில் போக வேண்டும். வருஷக் கடைசியில் ஐந்தொகை (இருப்பும் கடனும் காட்டுகிற ஆண்டுக் கணக்கு), அதன் நகல் பள்ளிக் குழுவுக்கும். பெற்றோர் முன் கணக்கு வாசிக்க எங்களில் சிலருக்குக் கூச்சமாக இருந்தது, 'நம்ம பணத்துக்கு அவங்ககிட்ட கணக்கா?' என்று. வாசித்த அன்றுதான், நாங்கள் மாதாமாதம் பணம் கொடுத்த சுத்தம் செய்யும் ஆள் வாரம் இரண்டு நாள்தான் வருகிறார் என்று ஒரு அம்மா சொன்னார்.

11. தலைமையாசிரியர் மாறும்போது

கொடுத்த ஒவ்வொரு பொருளும் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று கொடுத்த அன்றே பாருங்கள். ஏறாத பொருள் அவர் மாறுதலோடு மறந்துபோகும், ரிப்பேருக்கும் கேட்க ஆள் இருக்காது. தீர்மான நகல், அனுமதிக் கடிதம், பில்கள், மோட்டார் உத்தரவாத அட்டை எல்லாம் ஒரே ஃபைலில் இரண்டு பிரதியாக இருக்கட்டும், ஒன்று பள்ளியில், ஒன்று ஊரில் இருக்கிற உங்கள் ஆளிடம்.

புதியவர் பொறுப்பேற்ற முதல் வாரமே ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பதினைந்து நாள் விட்டு, மதியம் கை கழுவுகிற நேரமாகப் போய்ப் பாருங்கள்.